ஆமணக்கு கொல்கிறது, பார்லி கொல்வதில்லை: இரண்டிலும் நொதி ஒன்றுதானே?

#1 | அரும்பு

உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆமணக்கு விதையிலுள்ள ரிசின், பார்லி மணியிலுள்ள ஒரு புரதம் இரண்டையும் "ரைபோசோமை முடக்கும் புரதங்கள்" என்ற ஒரே தலைப்பின்கீழ் போட்டிருக்கிறார்கள் (ரைபோசோம் என்பது செல்லில் புரதம் செய்யும் கருவி). செய்யும் வேலையும் ஒன்றேதான் என்கிறது பாடம். ஒன்று பேர்போன நஞ்சு. மற்றது நாள்தோறும் மக்கள் உண்ணும் தானியத்தில் இருக்கிறது. ஆசிரியரிடம் கேட்டபோது, "பார்லியில் பி சங்கிலி இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ரிசின் ஏ, பி என இரண்டு சங்கிலிகளால் ஆனது, நொதி வேலை ஏ-யுடையது.

எனக்கு அது போதவில்லை. பி சங்கிலி இருந்தாலே நஞ்சாகிவிடுமா? தன் ரைபோசோமையே கெடுக்கக்கூடிய ஒரு பொருளை ஆமணக்கு எப்படித் தனக்குள் செய்து வைத்துக்கொள்கிறது?

லண்டனில் குடைமுனை வழியே ரிசின் ஏற்றி ஒருவரைக் கொன்ற உளவாளிக் கதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். ரிசின் என்று தேடினாலே அதுதான் வந்து நிற்கிறது.

#2 | மடிப்புக்காரன்

முதலில் ஏ சங்கிலி. அது என்ன செய்கிறது என்று தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

ரிசினின் ஏ சங்கிலியில் 267 அமினோ அமிலங்கள், பி சங்கிலியில் 262. ஏ-யின் 259ஆவது சிஸ்டீனும் பி-யின் 4ஆவது சிஸ்டீனும் சேர்ந்த ஒரே ஒரு டைசல்பைடு பிணைப்பு (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு) இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ராபர்ட்டஸ் குழுவினர் 1987இல் 2.8 ஆங்ஸ்ட்ரோம் நுணுக்கத்தில் இதன் படிக அமைப்பை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜப்பானில் யாயெட்டா எண்டோவும் சுருகியும் இது செய்யும் வேதிவினையைக் கண்டுபிடித்தார்கள். வடிவமும் வினையும் ஒரே ஆண்டில் கிடைத்தது இத்துறையின் அதிர்ஷ்டம்.

வினை இதுதான். எலியின் 28எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் 4324ஆம் இடத்தில் ஓர் அடினைன் இருக்கிறது (ஆர்.என்.ஏ. இழையின் எழுத்துகள் போன்ற காரங்களில் ஒன்று). ரிசின் அந்த அடினைனை மட்டும் சர்க்கரையிலிருந்து கழற்றிவிடுகிறது. ஆர்.என்.ஏ. இழை அறுபடுவதில்லை, ஆயிரக்கணக்கான காரங்களில் ஒன்றே ஒன்று காணாமல் போகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காரம் இருக்கும் வளையம் பாக்டீரியா முதல் மனிதன் வரை ஏறத்தாழ மாறாமல் வந்திருக்கும் வளையம். புரத உற்பத்திக்கு உதவும் நீட்சிக் காரணிகள் ரைபோசோமில் வந்து பொருந்துவது அங்கேதான். அது கெட்டால் அந்த ரைபோசோம் அதோடு சரி. ஒரு ஏ சங்கிலி நிமிடத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களை இப்படி முடக்கவல்லது.

செயல்மையத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 80, 123ஆம் இடங்களிலுள்ள இரண்டு டைரோசின்களின் வளையங்களுக்கு நடுவே அந்த அடினைன் சொருகிக்கொள்கிறது. 180ஆவது ஆர்ஜினின் அடினைனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்து அதை விலகத் தூண்டுகிறது. விலகும் நேரத்தில் சர்க்கரையில் தோன்றும் நேர்மின்னேற்றத்தை 177ஆவது குளுட்டாமிக் அமிலம் தாங்கிக்கொள்கிறது. இந்த 177ஐக் குளுட்டமினாக மாற்றினால் வேகம் சுமார் 180 மடங்கு விழுகிறது. ஆனால் அதைவிடச் சிறியதான அலனினாக மாற்றினால் சுமார் 20 மடங்குதான் விழுகிறது! காரணம், அலனின் விட்ட காலியிடத்துக்குள் பக்கத்திலிருக்கும் 208ஆவது குளுட்டாமிக் அமிலம் திரும்பி வந்து அந்த வேலையை ஓரளவு பார்த்துவிடுகிறது. குளுட்டமின் இருந்தால் அதற்கு இடம் கிடைப்பதில்லை. புரத அமைப்பியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

பார்லிப் புரதமும் இதே வினையைத்தான் செய்கிறது. சங்கிலி மடிந்து பெறும் வடிவமும் இதே வடிவம்தான்.

#3 | களைக்கொத்து

சுருக்கமாகச் சொன்னால் ஏ என்பது கத்தி, பி என்பது வாசல் சாவி. பார்லியிடம் கத்தி உண்டு, சாவி இல்லை. அரும்புவின் ஆசிரியர் சொன்ன ஒரு வரி சரிதானே? இதற்கு ஏன் இவ்வளவு நீளம்?

#4 | செல்வழி

இந்தச் சாவி உவமையைப் பாடப்புத்தகங்களிலிருந்து யாராவது எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும். சாவி என்றதும் செல்லின் வெளிச்சவ்வைத் திறந்துகொண்டு நேரே ரைபோசோம் இருக்கும் இடத்துக்குள் போய்விடுகிறது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நடப்பதே இல்லை. வெளிச்சவ்வைக் கடக்கும் திறன் பி-க்குக் கிடையாது.

பி சங்கிலி ஒரு லெக்டின், அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதம். ஏறக்குறைய 40 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டு மூன்றுமுறை பெருகி ஒரு பகுதியாகவும், அந்தப் பகுதி மறுபடி இரட்டித்து முழுச் சங்கிலியாகவும் ஆனதன் தடம் அதன் வடிவத்தில் இன்றும் தெரிகிறது. செல்லின் மேற்பரப்பில் உள்ள கிளைக்கோபுரதங்களின் நுனியில் காலக்டோஸ் எங்கே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். நம் செல்களின் மேல் அத்தகைய நுனிகளுக்குப் பஞ்சமில்லை.

பிடித்த பிறகு செல் அதைத் தானாகவே உள்ளே விழுங்குகிறது. விழுங்கியதில் பெரும்பகுதி திரும்ப வெளியே அனுப்பப்படுகிறது, அல்லது செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைக்கப்படுகிறது. மிகச் சிறு பகுதி மட்டும் கோல்கை உறுப்புக்கும், அங்கிருந்து எண்டோபிளாச வலைக்கும் போய்ச் சேர்கிறது. செல் தன் புரதங்களை வெளியே அனுப்பும் பாதை இது. ரிசின் அதில் எதிர்த்திசையில் பயணிக்கிறது. எண்டோபிளாச வலையில் அந்த ஒற்றை டைசல்பைடு பிணைப்பு உடைகிறது. ஏ தனியாகிறது. பி இதுவரை மறைத்து வைத்திருந்த அதன் நீர்விலக்கும் முனை வெளிப்படுகிறது. ஏ பாதி மடிப்பு குலைந்த நிலையில், தவறாக மடிந்த பழுதான புரதம் போலத் தோற்றமளிக்கிறது. பழுதான புரதங்களை வெளியே தள்ளிச் சிதைக்க செல்லுக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாடே ஏ-யை, ரைபோசோம்கள் இருக்கும் திரவப் பகுதியான சைட்டோசோலுக்குள் தள்ளிவிடுகிறது.

இத்தனை படிகளில் ஏதேனும் ஒன்று தவறினாலும் நஞ்சு இல்லை. "பி சங்கிலி இல்லை" என்பது பதிலின் முதல் சொல் மட்டுமே.

#5 | அரும்பு

மிக்க நன்றி. ஆனால் பழுதான புரதம் என்று வெளியே தள்ளப்பட்டது சிதைக்கப்பட வேண்டுமல்லவா? தள்ளுவதே சிதைக்கத்தானே?

#6 | செல்வழி

சரியான இடத்தில் பிடித்தீர்கள். சிதைக்க வேண்டிய புரதத்தின் மேல் செல் யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டும். அது பெரும்பாலும் லைசின் அமினோ அமிலத்தின்மேல்தான் ஒட்டும். ரிசினின் ஏ சங்கிலியில் 267இல் லைசின் எத்தனை தெரியுமா? இரண்டு. இந்த அளவுள்ள புரதத்தில் பத்துக்கு மேல் இருப்பதுதான் வழக்கம். ஒட்ட இடமில்லாததால் பெரும்பாலானவை தப்பி, மீண்டும் மடிந்து, வேலையைத் தொடங்கிவிடுகின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கூடுதலாக லைசின் புகுத்தப்பட்ட ரிசின் வீரியம் குன்றியதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

#7 | களைக்கொத்து

சரி, உவமையை விட்டுவிடுகிறேன். ஆனால் வாதத்தை விடவில்லை. பி இருந்தால் நஞ்சு, இல்லாவிட்டால் இல்லை. குன்றிமணியின் ஏப்ரின், ஒட்டுண்ணியான மிஸல்டோவின் விஸ்குமின் எல்லாம் இரட்டைச் சங்கிலி, எல்லாம் நஞ்சு. பாகல் விதை, பார்லி, சப்போனேரியாச் செடி எல்லாம் ஒற்றைச் சங்கிலி, வீரியம் பலமடங்கு குறைவு. விதிவிலக்கு காட்டுங்கள் பார்ப்போம்.

#8 | மடிப்புக்காரன்

எல்டர் எனப்படும் சாம்புகஸ் இனம்.

#9 | மடிப்புக்காரன்

மேலே அவசரத்தில் ஒரு சொல்லோடு போய்விட்டேன், விளக்குகிறேன். சாம்புகஸ் இனச் செடிகளில் நைக்ரின்-பி, எபுலின் என்ற புரதங்கள் இருக்கின்றன. இரட்டைச் சங்கிலி, டைசல்பைடு பிணைப்பு, காலக்டோஸைப் பிடிக்கும் பி சங்கிலி, எல்லாம் உண்டு. சோதனைக் குழாயில் ரைபோசோமோடு கலந்தால் ரிசினுக்குச் சற்றும் சளைக்காமல் வேலை செய்கின்றன. ஆனால் செல்லின் மேல் ஊற்றினால் ரிசினோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சாது.

எபுலினின் படிக அமைப்பும் ராபர்ட்டஸ் குழுவிலிருந்தே வந்தது. சர்க்கரையைப் பிடிக்கும் இடங்களில் ஒன்று ரிசினைவிடச் சற்று வேறாக இருக்கிறது. பிடிப்பின் தன்மை மாறியதால் செல் அதை விழுங்கினாலும் செல்வழி சொன்ன எதிர்த்திசைப் பாதையில் அது போவதில்லை. சிதைவுக்கோ வெளியேற்றத்துக்கோ போய்விடுகிறது. ஆகவே பி இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. அது எதைப் பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, பிடித்தது எங்கே போகிறது என்பவைதான் கேள்விகள்.

#10 | களைக்கொத்து

இதை எதிர்பார்க்கவில்லை. நல்ல விதிவிலக்கு. படித்துவிட்டு வருகிறேன்.

#11 | விதைநிலம்

அரும்புவின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தாவரவியல்காரர்களை இத்தளத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை என்பது பழைய குறை.

ஆமணக்கின் ரைபோசோமும் ரிசினால் பாதிக்கப்படும். அதனால்தான் அச்செடி ஏ-யைத் தனியாகச் செய்வதே இல்லை. 576 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீளச் சங்கிலியாகச் செய்கிறது. முன்னால் 35, பிறகு ஏ, நடுவில் 12 அமினோ அமில இணைப்பு, கடைசியில் பி. உற்பத்தியாகும்போதே அது எண்டோபிளாச வலைக்குள் நுழைந்துவிடுவதால் தன் ரைபோசோம்கள் இருக்கும் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. இணைப்போடு இருக்கும் முன்னோடிப் புரதத்துக்கு ரைபோசோமை முடக்கும் திறனும் இல்லை. அங்கிருந்து விதைச் செல்லின் புரதச் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த 12ஐ வெட்டி எடுக்கின்றன அங்குள்ள புரதம்வெட்டும் நொதிகள். அப்போதும் டைசல்பைடு பிணைப்பு அப்படியே இருக்கிறது.

பார்லி வேறு வழியில் போகிறது. அதன் புரதம் பார்லியின் சொந்த ரைபோசோமை அவ்வளவாகத் தொடுவதில்லை, பூஞ்சையுடையதைத் தொடுகிறது. மக்காச்சோளத்துக்கு இன்னொரு வழி: செயலற்ற ஒரு முன்னோடியைச் செய்துவிட்டு, நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தபின்தான் அது வேலை செய்யத் தொடங்கும்.

போக்வீட் செடிதான் துணிச்சல்காரி. அதன் புரதம் சொந்த ரைபோசோமையும் முடக்கும். அதைச் செல்லுக்கு வெளியே, செல்சுவரில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. 1925இலேயே டகர், ஆர்ம்ஸ்ட்ராங் இருவரும் போக்வீட் சாறு புகையிலைத் தேமல் வைரஸ் தொற்றைத் தடுப்பதைப் பார்த்தார்கள். வைரஸ் செல்லுக்குள் நுழைய ஒரு காயம் வேண்டும். அந்தக் காயத்தின் வழியே சுவரிலிருக்கும் நஞ்சும் உள்ளே போகும், செல் மடியும், வைரஸ் பெருக இடமில்லாமல் போகும். இது ஒரு கருதுகோள்தான். ரைபோசோமைத் தொடாமல் வைரஸின் ஆர்.என்.ஏ.வை நேரடியாகக் கெடுக்கிறது என்ற கட்சியும் உண்டு. இரண்டு கட்சிக்கும் சான்றுகள் இருக்கின்றன.

#12 | இரவுப்பணி

மருத்துவர் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

ரிசினையும் ரிசினினையும் குழப்பாதீர்கள். ரிசினின் என்பது அதே செடியிலுள்ள சிறு ஆல்கலாய்டு மூலக்கூறு. அது புரதம் அல்ல, அந்தக் கொடுமையும் அதற்கு இல்லை. ஆனால் சிறுநீரில் அதைக் கண்டறிய முடியும் என்பதால், ஒருவர் உடலுக்குள் ஆமணக்கு விதை போயிருக்கிறதா என்று அறிய அது உதவுகிறது. ஆமணக்கெண்ணெயில் ரிசின் இருக்காதா என்று பலர் கேட்பார்கள். ரிசின் நீரில் கரையும் புரதம், எண்ணெயோடு அது வருவதில்லை.

இவ்விதைகள் கடினமான தோல் கொண்டவை. மென்றதா, முழுதாக விழுங்கியதா என்பது விளைவைப் பெரிதும் மாற்றும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து அதைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. குழந்தை குன்றிமணியோ ஆமணக்கோ வாயில் போட்டது தெரிந்தால் உடனே மருத்துவமனை. அறிகுறிகள் பல மணிநேரம் கழித்தே தொடங்கலாம். ஏன் தாமதம் என்பதற்குச் செல்வழி எழுதிய பாதையே ஒரு காரணம். முறிமருந்து கிடையாது. நீரிழப்பை ஈடுகட்டுவது, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, உறுப்புகளைக் கவனிப்பது, இவ்வளவுதான் எங்கள் கையில் உள்ளது.

#13 | நெறியாளர்

"செயல்திட்டத்துக்காக விதையிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி" என்று கேட்ட பதிவு நீக்கப்பட்டது. ரிசின் இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் உள்ள பொருள். அந்தக் கேள்விக்கு இங்கே இடமில்லை, தனிச்செய்தியிலும் இல்லை. அமைப்பு, செயல்பாடு, மருத்துவம் பற்றிய பேச்சு தொடரலாம்.

#14 | நீலமை

வேகவைத்தால் புரதம் குலைந்துவிடும், ஆகவே தாவர நச்சுப் புரதம் எதுவானாலும் கொதிநீருக்கு முன் ஒன்றுமில்லை. இப்படிச் சொல்வது சரியா?

#15 | மடிப்புக்காரன்

பெரும்பாலும் சரி, முழுக்கச் சரியல்ல. ராஜ்மாவிலுள்ள ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்ற லெக்டினை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு துணை அலகுகள் சேர்ந்த புரதம், ரைபோசோமோடு அதற்கு எந்தச் சண்டையும் இல்லை. குடல்சுவரின் சர்க்கரைகளைப் பிடித்துக்கொண்டு வாந்தியையும் பேதியையும் உண்டாக்குகிறது. நன்றாகக் கொதித்தால் குலைந்துவிடும். கொதிநிலைக்கு வெகு கீழே, மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்தால் குலையாது. 'சூடுபடுத்தினேன்' என்பது வேறு, 'கொதிக்க வைத்தேன்' என்பது வேறு.

கொதித்தாலும் அசையாத ஒன்றும் உண்டு. 1960களில் காங்கோவில் பணியாற்றிய நார்வே மருத்துவர் லோரென்ட்ஸ் கிரான், அங்குள்ள பெண்கள் பிரசவத்தை விரைவுபடுத்த ஓல்டன்லாண்டியா அஃபினிஸ் என்ற செடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைக் கவனித்தார். அதில் கருப்பையைச் சுருங்கச் செய்தது கலாட்டா பி1 என்ற சிறு புரதம். வெறும் 29 அமினோ அமிலங்கள். அதற்கு முனையே கிடையாது. தலையும் வாலும் இணைந்த வளையம். வளையத்துக்குள் மூன்று டைசல்பைடு பிணைப்புகள், அவற்றில் ஒன்று மற்ற இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் வளையத்தின் ஊடே நுழைந்து முடிச்சாகிறது. கொதிநீரும் அதைக் குலைப்பதில்லை, செரிமான நொதிகளுக்குக் கடிக்க முனையும் கிடைப்பதில்லை. இந்த வகைக்குச் சைக்ளோடைடு என்று பெயர். செல்லின் சவ்வைச் சிதைப்பதுதான் இவற்றின் வழி. செடிக்குப் பூச்சிகளிடமிருந்து காப்பு. வயலட் செடிகளில் ஏராளம்.

#16 | பழஞ்சுவடி

வரலாறு பேசாமல் இந்த இழையை முடிக்க விடமாட்டேன். 1888இல் டோர்பாட் நகரில், இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு, ஸ்டில்மார்க் என்ற ஆய்வு மாணவர் ஆமணக்கு விதைச் சாறு சிவப்பணுக்களைக் கட்டியாக ஒட்ட வைப்பதைப் பார்த்து, அதற்குக் காரணமான புரதத்துக்கு ரிசின் என்று பெயரிட்டார். லெக்டின் இயல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் கையிலிருந்தது கலவை என்பது பின்னாளில் தெரிந்தது. ரத்த அணுக்களை வலுவாக ஒட்டவைப்பது ரிசினின் உறவுக்காரரான, இரண்டு ஏ-யும் இரண்டு பி-யும் கொண்ட அக்ளுட்டினின்.

1891இல் பால் எர்லிக் சுண்டெலிகளுக்கு ரிசினைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து எதிர்ப்புத் திறனை வளர்த்தார். ரிசினைத் தாங்கிய எலி ஏப்ரினைத் தாங்கவில்லை. எதிர்ப்பு என்பது பொத்தாம்பொதுவான உடல்வலிமை அல்ல, குறிப்பிட்ட பொருளுக்கெதிராக மட்டுமே உண்டாவது என்பது அப்படித் துலங்கியது. எதிர்ப்பு தாய்ப்பால் வழியே குட்டிக்குப் போவதையும் இதே நஞ்சுகளை வைத்தே காட்டினார். நோயெதிர்ப்பியலின் அடித்தளத்தில் ஆமணக்கும் குன்றிமணியும் கிடக்கின்றன என்றால் மிகையில்லை.

மேலே வந்த ராஜ்மா லெக்டினுக்கும் ஒரு பங்கு உண்டு. ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைக் கட்டியாக்கி நீக்க அதைப் பயன்படுத்திவந்தார்கள். மிஞ்சிய வெள்ளணுக்கள் பிளந்து பெருகத் தொடங்குவதை 1960இல் பீட்டர் நோவெல் கவனித்தார். ரத்தத்திலிருந்து குரோமோசோம்களைப் பார்க்கும் வழி அதனால் எளிதாயிற்று.

#17 | அரும்பு

இவ்வளவு தெரிந்த பிறகு இதை மருந்தாக்க முயலவில்லையா? பி-யை எடுத்துவிட்டு, புற்றுசெல்லை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஏ-யோடு ஒட்டினால்?

#18 | இரவுப்பணி

முயன்றார்கள், நோயாளிகளிடமும் சோதித்தார்கள். இரண்டு தடைகள். ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து திரவம் திசுக்களில் தேங்குவது ஒன்று. தாவரப் புரதத்துக்கு எதிராக நோயாளியின் உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கி அடுத்த தவணையை வீணாக்குவது மற்றொன்று. ஆய்வகத்தில் மட்டும் இக்கருத்து பிரமாதமாக வெற்றிபெற்றது. சப்போனேரியாவின் சப்போரின் ஒற்றைச் சங்கிலி; அதைக் குறிப்பிட்ட நரம்புசெல்லைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு இணைத்து, எலியின் மூளையில் அசெட்டைல்கோலின் சுரக்கும் நரம்புசெல்களை மட்டும் அழித்து, நினைவாற்றல் பற்றி ஆராய்கிறார்கள். பி சங்கிலியின் வேலையை வேறொன்றிடம் கொடுத்தால் நிரபராதி ஏ-யும் கொலையாளி ஆகும் என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் கிடையாது.

தடுப்பூசி முயற்சியும் உண்டு. மடிப்புக்காரன் சொன்ன 80ஆவது டைரோசினை அலனினாக்கி நொதித்திறனை ஒழித்திருக்கிறார்கள். 76ஆவது வேலினையும் மாற்றியிருக்கிறார்கள். அது ரத்தக்குழாய்க் கசிவைத் தவிர்ப்பதற்காக.

#19 | களைக்கொத்து

படித்துவிட்டு வந்தேன். எபுலின் விஷயம் ஒத்துவருகிறது. இப்போது என் கேள்வி: இவ்வளவு நல்ல ஆயுதம் என்றால் எல்லாத் தாவரங்களிலும் இருக்க வேண்டுமே? ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான, கடுகுக் குடும்பத்துச் செடி அராபிடாப்சிஸில் இந்த மரபணுவே இல்லை என்கிறார்கள். கடுகுக் குடும்பத்துக்கு இது தேவைப்படவில்லையா?

#20 | விதைநிலம்

இல்லை என்பது உண்மைதான். கடுகுக் குடும்பத்துக்குக் காரமான கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன, அதனால் விட்டுவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் சொல்லமாட்டேன், பல தாவரக் கிளைகளில் இது இப்படித் தொலைந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் பொருந்தாது. மறுபக்கம் ஆமணக்கின் மரபணுத்தொகுதியை 2010இல் வெளியிட்டபோது ரிசின் குடும்பத்தைச் சேர்ந்ததாகக் கருதத்தக்கவை மட்டும் 28 அளவுக்கு எண்ணினார்கள்.

இதைவிட வேடிக்கை, இம்மரபணு வெள்ளை ஈயிலும் ஏடிஸ் கொசுவிலும் கிடைத்திருக்கிறது. பரம்பரை வழியாக அல்ல, வேற்று உயிரிகளிடமிருந்து பக்கவாட்டில் தாவி வந்தது. செடியின் சாறு உறிஞ்சும் பூச்சி செடியின் நஞ்சு மரபணுவைத் தன்னுடையதாக்கிக்கொண்டு என்ன செய்கிறது என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.